முதல் நாளே ஒத்துக்கொண்டவர்

லுய் சுன்-போவின் கதவை யாராவது தட்டி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. டிசம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஆறரைக்குத் தட்டும் சத்தம் கேட்டதும், அடுப்பை அணைத்துவிட்டு, ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே ஓடிப்போய்த் திறந்தார். வெளியே இரண்டு போலீஸ்காரர்கள். அவர்களுக்குப் பின்னால், எதிர் வீட்டு வாசலில், திருமதி ஃபோங் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

போலீஸ்காரர்களுக்குத் தேடுகிற வேலையே இருக்கவில்லை. சாப்பாட்டு மேஜையில், சோற்றுக் கிண்ணத்துக்கு எதிரே, ஒரு டிஜிட்டல் போட்டோ ஃபிரேம் ஓடிக்கொண்டிருந்தது. பத்து நொடிக்கு ஒரு படம். மழையில் நனைந்த ஒரு தெரு. சிவப்புத் தொப்பி போட்ட குழந்தை. மூக்கில் மாவு ஒட்டியிருப்பது தெரியாமல் சிரிக்கும் ஒரு பெண்.

"இது யாரோடது அங்கிள்?" என்றார் இளைய போலீஸ்காரர்.

"எதிர் வீட்டம்மாவோடது சார்."

"அது உங்க வீட்டுல என்ன பண்ணுது?"

"சோத்த மூடி வெச்சுட்டு வரட்டுமா?" என்று கேட்டார் லுய்.

அறுபத்து மூன்று வயது வரைக்கும் அவர்மேல் ஒரு சின்னப் புகார்கூடக் கிடையாது. முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக். குவாய் சுங், சுன் வான் பக்கத்து அடுக்குமாடிகளில் பாதிக்கு மேல் அவர் கைபட்டவை. லிஃப்ட் கிணற்றுக்குள் தனி ஆளாக இறங்கக் கூடாது, இரண்டு பேராகத்தான் போக வேண்டும் என்பது தொழில் விதி. அவரோடு போன இரண்டாவது ஆள் மாக். கடைசிப் பத்தொன்பது வருஷமும் அதே ஆள். மாக் ஓயாமல் பேசுவார், லுய் 'ம்' கொட்டுவார். அதுவே லுய்க்குப் போதுமாக இருந்தது. கல்யாணம் கூடிவரவில்லை. அம்மா இருந்தவரை அம்மாவைப் பார்த்துக்கொண்டார். முழங்கால் தேய்ந்து அவர் வேலையை விட்ட அதே வருஷம், மாக் தன் மகனின் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். விமான நிலையத்தில் கட்டிப்பிடித்து, "வாராவாரம் போன் பண்றேன்டா" என்றார். மூன்று வாரம் பண்ணினார். அதற்கப்புறம் புத்தாண்டுக்கு ஒரு வாழ்த்துப் படம் வந்தது, எல்லோருக்கும் சேர்த்து அனுப்பியது.

நோய் பரவிய அந்த வருஷங்களில் லுய்க்கு ஒரு வேலை தானாக வந்து சேர்ந்தது. பதினாலாவது மாடியில் பகலில் வீட்டில் இருக்கிற ஆள் அவர் ஒருவர்தான். பார்சல்காரர்கள் பொட்டலங்களைக் கதவோரம் போட்டுவிட்டு ஓடுவார்கள். அவர் எடுத்து உள்ளே வைப்பார். சாயங்காலம் ஒவ்வொருவராகத் தட்டுவார்கள். "லுய் அண்ணே, என் செருப்பு வந்துச்சா?" "அண்ணே, அந்தப் பெரிய பொட்டி எங்களோடது." இரண்டு வார்த்தை பேசுவார்கள். சிலர் பழம் கொடுப்பார்கள். ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை தட்டல் கேட்டுக்கொண்டே இருந்த நாட்கள் உண்டு. அந்த நேரத்தில் அவர் குளிக்கக்கூடப் போகமாட்டார்.

பிறகு கட்டட நிர்வாகம் தரைத் தளத்தில் பார்சல் அறை ஒன்றைத் திறந்தது. பூட்டு, பதிவேடு, காவலாளி எல்லாம் வந்துவிட்டன. தட்டல் நின்றது. யாரும் அவரிடம் கோபித்துக்கொண்டு நிற்கவில்லை. தேவை இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான். லிஃப்டில் பார்த்தால் தலையசைத்துவிட்டு போனைப் பார்த்தார்கள்.

நவம்பரில் ஒரு நாள் காலை, காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பியபோது, திருமதி ஃபோங்கின் கதவோரம் ஒரு பார்சல் கிடந்தது. கீழே அறை பூட்டியிருந்ததாலோ என்னவோ, பார்சல்காரன் பழைய மாதிரி போட்டுவிட்டுப் போயிருந்தான். லுய் குனிந்து எடுத்தார். பழைய மாதிரி உள்ளே கொண்டுபோய் வைத்தார். மாலை ஐந்தரைக்கே தரையைத் துடைத்து, தேநீருக்குத் தண்ணீர் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

அன்று அந்த அம்மா வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பார்சல் வந்திருப்பதே திருமதி ஃபோங்குக்குத் தெரியாது. மான்செஸ்டரில் இருக்கிற மூத்த மகள் பிறந்த நாளுக்கென்று சொல்லாமல் அனுப்பியது. லுய்க்கு அது தெரிய வழியில்லை. எதிர் கதவு ஆறடி தூரம். எழுந்துபோய் இவர் தட்டியிருக்கலாம். இன்றைக்கு வருவார், இன்றைக்கு வருவார் என்று உட்கார்ந்திருந்தார். ஆறாம் நாள் பிரித்தார். பிளக்கைச் செருகியதும் ஃபிரேம் தானாகவே ஓட ஆரம்பித்தது. உள்ளே எழுநூறு எண்ணூறு படங்கள். இரண்டு மகள்கள், ஒரு மருமகன், ஒரு குழந்தை. குழந்தை குப்புற விழுந்தது, தவழ்ந்தது, சோபாவைப் பிடித்துக்கொண்டு நின்றது. அன்றைக்கு அவர் இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டார்.

மகள் போனில் கேட்ட பிறகுதான் திருமதி ஃபோங்குக்கு விஷயம் தெரிந்தது. பத்தாம் நாள் லிஃப்டுக்குள் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'பதினாலாம் மாடி, பதினேழாம் எண் வீட்டு வாசலில் இருந்த பார்சலை எடுத்தவர் தயவுசெய்து திரும்ப வைத்துவிடவும். யார் என்று கேட்கமாட்டேன்.' லுய் அதை மேலே போகும்போது படித்தார், கீழே வரும்போது படித்தார். தினமும் படித்தார். பிரித்த பெட்டியை எப்படித் திரும்ப வைப்பது என்று முதலில் பயம். அப்புறம், திரும்ப வைத்தால் சாயங்காலம் எப்படி இருக்கும் என்ற நினைப்பு. இன்னும் இரண்டு வாரம் அப்படியே போயிற்று. அதற்குள் திருமதி ஃபோங் புகார் கொடுத்து, போலீஸ் நடைவழிக் கேமராவின் பதிவைப் பார்த்துவிட்டது.

காவல் நிலையத்தில் இளைய போலீஸ்காரர் வாக்குமூலம் எழுதினார். ஏன் எடுத்தீர்கள் என்று மூன்று முறை கேட்டார். லுய் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவது முறை போலீஸ்காரரே, "ஒரு நிமிஷம் பேராசை வந்துடுச்சு, அதான அங்கிள்?" என்றார். லுய் தலையாட்டினார். அது அப்படியே தாளில் ஏறியது. கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரம் கழித்து மேற்கு கவ்லூன் நீதிமன்றம். ஜாமீனில் வந்திருந்த லுய்க்கு, அன்றைய முறைக்கு இருந்த இலவச வக்கீல் ஒதுக்கப்பட்டிருந்தார். ஷெக் என்ற பெண், முப்பது வயது இருக்கும். ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவர் கையில் இன்னும் ஐந்து கோப்புகள் இருந்தன.

"அங்கிள், நேரம் கொஞ்சம்தான் இருக்கு, நேராவே கேக்கறேன். இன்னிக்கு 'செஞ்சேன்'னு ஒத்துக்கிட்டா, வர்ற தண்டனைல மூணுல ஒரு பங்கு குறையும். இது முதல் நாள்ங்கறதால அவ்வளவு. விசாரணைக்குத் தேதி போட்டப்பறம் வந்து ஒத்துக்கிட்டா கால் பங்குதான், அதுவும் நிச்சயமில்ல. விசாரணை நாள் அன்னிக்கே வந்து ஒத்துக்கிட்டா அஞ்சுல ஒண்ணு. வழக்காடித் தோத்தா ஒண்ணும் கிடையாது."

"சரி ஒத்துக்கறேன்."

"இருங்க இருங்க. தள்ளுபடி கிடைக்குதேன்னு செய்யாததை ஒத்துக்கக் கூடாது. எடுத்தப்ப என்ன நெனச்சு எடுத்தீங்க?"

"அவங்ககிட்ட குடுக்கத்தான் எடுத்தேன்."

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப அது திருட்டே இல்லையே. திருப்பித் தர்ற எண்ணம் இருந்தா நீங்க 'செய்யல'ன்னு சொல்லலாம். வழக்கு நடத்தலாம்."

லுய் பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். ஒரு கேபிளில் எந்த இழை அறுந்தது என்று தேடுகிற மாதிரித் தேடினார்.

"அந்த எண்ணம் அப்படியே இருக்கல வக்கீலம்மா. லிஃப்டுல அவங்க தாள் ஒட்டுனாங்க. அதப் படிச்சேன். படிச்சப்பறமும் குடுக்கல. குடுக்கக் கூடாதுன்னே வெச்சுக்கிட்டேன்."

"அப்ப அந்த நாள்லேர்ந்து அது திருட்டுதான்," என்றார் வக்கீல். குரல் கொஞ்சம் தணிந்திருந்தது. "சரி. அரசு வக்கீல் கூண்டுல உங்ககிட்ட இந்த விவரத்த வாசிப்பாங்க. ஒரு தடவ கேட்டுக்குங்க. எதாவது தப்பா இருந்தா இப்பவே சொல்லுங்க. அங்க போய் 'இது நான் இல்ல'ன்னீங்கன்னா, ஒத்துக்கிட்டதாவே எடுத்துக்கமாட்டாங்க."

வாசித்தார். தேதி சரி. வீட்டு எண் சரி. இருபத்து நாலு நாள், சரி. கடைசி வரி: 'ஒரு கணப் பேராசையால் எடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர் கூறினார்.'

"இது மட்டும் நான் சொல்லல," என்றார் லுய்.

வக்கீலுக்குச் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டார். "இந்த வரி எல்லாக் கோப்புலயும் இருக்கு அங்கிள். இந்த அஞ்சுல நாலுல இருக்கு. வேணாம்னா எடுக்கச் சொல்லிப் பாக்கறேன், குற்றத்துக்கு அது தேவையில்ல. ஆனா மாஜிஸ்திரேட் 'அப்ப ஏன் எடுத்தார்'னு கேப்பாங்க. அதுக்கு நான் எதாவது சொல்லணும். என்ன சொல்லட்டும்?"

அந்த அறையில், ஐந்து கோப்பு வைத்திருக்கிற, மகள் வயசுப் பெண்ணிடம் அதைச் சொல்லலாம் என்றே லுய்க்குத் தோன்றியது. ஆனால் அவள் அதைக் கொண்டுபோய் ஊர் கேட்கச் சொல்லுவாள். பார்வையாளர் வரிசையில் திருமதி ஃபோங் உட்கார்ந்திருந்ததை வரும்போதே பார்த்திருந்தார். பேராசை பிடித்தவன் என்றால் தலை குனிந்து நின்றுவிடலாம். அது எல்லோருக்கும் வருகிறது. இதைச் சொல்லிவிட்டு எப்படி நிற்பது?

"இருக்கட்டும்," என்றார். "பேராசைன்னே இருக்கட்டும்."

"நெஜமாவா?"

"ஆமாம்மா."

கூண்டில் எல்லாம் ஐந்து நிமிஷம்தான். குற்றச்சாட்டை வாசித்தார்கள். ஒத்துக்கொள்கிறீர்களா என்றார்கள். ஒத்துக்கொள்கிறேன் என்றார். விவரம் வாசித்தார்கள். சரிதானா என்றார்கள். சரி என்றார். முதல் குற்றம், பொருள் மீட்கப்பட்டது, முதல் வாய்ப்பிலேயே ஒத்துக்கொண்டார், தனியாக வசிக்கிறார் என்று வக்கீல் சொன்னார். நன்னடத்தை அதிகாரியின் அறிக்கை வேண்டும் என்று மாஜிஸ்திரேட் இரண்டு வாரம் தள்ளி வைத்தார்.

பஸ் நிறுத்தத்தில் திருமதி ஃபோங் நின்றிருந்தார். இரண்டு பேருக்கும் ஒரே பஸ். லுய் தள்ளிப் போய்த் தூணோரம் நின்றார். அந்த அம்மாவே பக்கத்தில் வந்தார்.

"எதுக்கு ஒத்துக்கிட்டீங்க?"

"செஞ்சேன். ஒத்துக்கிட்டேன்."

"மூணுல ஒரு பங்கு குறையுமாமே, அதுக்குத்தானே? அரசாங்க வக்கீல் சொன்னாங்க. 'உங்களுக்கு அலைச்சல் மிச்சம்மா, சாட்சி சொல்ல வேண்டாம், நிம்மதியா வீட்டுக்குப் போங்க'ன்னு. நான் லீவு போட்டுட்டு வந்திருக்கேன். உங்க மூஞ்சியப் பாத்து என்ன கேக்கணும்னு மூணு வாரமா மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டிருந்தேன். அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டு எறங்கிட்டீங்க."

"இப்பக் கேளுங்க."

"இப்ப என்ன கேக்கறது?" என்றார் திருமதி ஃபோங். "என் பொண்ணோட கொழந்த எழுந்து நின்னத எனக்கு முந்தி நீங்க பாத்திருக்கீங்க. தெனம் சோறு தின்னுக்கிட்டே பாத்திருக்கீங்க. அவ மான்செஸ்டர் போய் ரெண்டு வருஷமாச்சு. நான் இன்னும் தூக்கல அந்தக் கொழந்தய. பேராசையாம்! அத வித்தா என்ன கெடைக்கும் உங்களுக்கு?"

லுய் சாலையைப் பார்த்தபடி சொன்னார். "நீங்க வந்து கதவத் தட்டுவீங்கன்னு எடுத்து வெச்சேன். முன்ன மாதிரி. தட்டல."

"வந்ததே எனக்குத் தெரியாது. நான் எதுக்குத் தட்டப்போறேன்?"

"ஆமா," என்றார் லுய்.

பஸ் வந்தது. திருமதி ஃபோங் மேல் தளத்துக்கு ஏறிப்போனார். லுய் கீழேயே உட்கார்ந்தார். ஒரே நிறுத்தத்தில் இறங்கி, ஒரே கட்டடத்துக்கு, முப்பதடி இடைவெளி விட்டு நடந்தார்கள். அவர் லிஃப்டில் போகட்டும் என்று லுய் கீழே நின்று, தகவல் பலகையில் இருந்த தண்ணீர்த் தொட்டி கழுவும் அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி கடைசியில் தீர்ப்பு. நன்னடத்தை அதிகாரியின் அறிக்கை இரண்டு பக்கம். அவசரத்துக்குத் தகவல் சொல்ல வேண்டியவர் என்ற இடத்தில் கோடு போட்டிருந்தது. மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசினார்.

"பக்கத்து வீட்டுக்காரங்கள நம்பித்தான் எல்லாரும் கதவ மூடிக்கிட்டு வேலைக்குப் போறாங்க. அந்த அம்மா தாள் ஒட்டிக் கெஞ்சியும் நீங்க கொடுக்கல. அதனால இத லேசா விட முடியாது. சமூக சேவை நூத்தி இருபது மணி நேரம்னு எடுத்துக்கறேன். ஆனா நீங்க முதல் நாளே ஒத்துக்கிட்டீங்க, அவங்கள கூண்டுல ஏத்தல. அதுக்கு மூணுல ஒரு பங்கு கழிச்சு எண்பது மணி நேரம். புரியுதா?"

"புரியுதுய்யா. நன்றி."

வெளியே வக்கீல் கைகொடுத்தார். "பாத்தீங்களா, அஞ்சு ஞாயித்துக்கிழமை மிச்சம்." லுய்க்கும் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. ஜெயில் இல்லை. பத்து ஞாயிறு, காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை.

மலைச்சரிவில் இருந்த ஊனமுற்றோர் இல்லம் ஒன்றில்தான் வேலை. வேலிக்கம்பிக்குத் துரு சுரண்டி வர்ணம் அடிப்பது, புல் வெட்டுவது, பழைய சக்கர நாற்காலிகளைக் கழுவுவது. மொத்தம் ஏழு பேர். மேற்பார்வைக்கு யூங் என்ற ஆள், கழுத்தில் விசில். முதல் ஞாயிறு யாரோடும் பேசாமல் லுய் துரு சுரண்டினார். இரண்டாம் ஞாயிறு ஒரு சக்கர நாற்காலி கிறீச்சிட்டதைக் கேட்கப் பொறுக்காமல், சக்கரத்தைக் கழற்றி, தாங்கியைத் துடைத்து மாட்டினார். அது சத்தமில்லாமல் ஓடியது. அன்றிலிருந்து அவருக்கு வேறு வேலை இல்லை. நாற்காலிகளை வரிசையாகக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தினார்கள்.

அந்த ஏழு பேரில் ஒருத்தி சோய்-ஹா. டாக்ஸி ஓட்டுபவள், ஐம்பது வயது, அடித்தொண்டைக் குரல். ஒரு பயணியைக் குடையால் அடித்ததற்காக வந்திருந்தாள்.

"லிஃப்ட் அண்ணே, உனக்கு எத்தன மணி நேரம்?"

"எண்பது."

"மொத நாளே கால்ல விழுந்துட்டியா? கெட்டிக்காரன்தான். நான் வழக்காடினேன். அவன்தான் மொதல்ல கையப் புடிச்சான்னு சொன்னேன். கேமராவுல என் குடை மட்டும் தெளிவாத் தெரியுது, அவன் கை தெரியல. நூத்தி அறுபது போட்டாங்க. ஒரே ஒரு அடிய்யா! அதுவும் ஓட்டக் குடை!"

மற்றவர்கள் சிரித்தார்கள். லுய்யும் சிரித்தார். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து சோற்றுப் பெட்டியைத் திறப்பார்கள். சோய்-ஹா பேசிக்கொண்டே இருப்பாள். லுய் 'ம்' கொட்டுவார். ஒரு நாள், "நீ என்னத்த எடுத்த?" என்று கேட்டாள். போட்டோ ஃபிரேம் என்றார். "அதுல யார் போட்டோ?" என்றாள். தெரியாதவங்க என்றார். அவள் ஒரு நொடி அவரைப் பார்த்துவிட்டு, தன் பெட்டியிலிருந்து ஒரு துண்டு வறுத்த வாத்தை எடுத்து அவர் பெட்டியில் போட்டாள்.

பத்தாவது ஞாயிறு மாலை யூங் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "முடிஞ்சுது லுய். நல்லா வேலை செஞ்சீங்க. இனிமே இங்க உங்களப் பாக்கக் கூடாது," என்று முதுகில் தட்டினார்.

"இன்னும் நாலு நாற்காலி பாக்கி இருக்கு சார். அடுத்த வாரம் வந்து முடிச்சுத் தரட்டுமா?"

"அதெப்படி? உங்க உத்தரவு முடிஞ்சுபோச்சே. காப்பீடு கிடையாது. விரல் நசுங்கினா நான் இல்ல பதில் சொல்லணும்?"

பஸ்ஸில் அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அன்றைக்கு ஒத்துக்கொள்ளாமல் வழக்காடித் தோற்றிருந்தால் இன்னும் ஐந்து ஞாயிறு இருந்திருக்கும். இப்படி நினைக்கிறவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்று தோன்றியது. வெட்கமாக இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு ஆறரைக்கே விழிப்பு வந்தது. பத்து மணிவரை பொறுத்தார். பிறகு சோற்றுப் பெட்டி ஒன்று வாங்கிக்கொண்டு மலைச்சரிவுக்குப் போனார். யூங் கதவைத் திறக்கவில்லை. "என் வேலைக்கு உலை வெக்காதீங்க" என்றார். ஆனால் போகச் சொல்லவும் இல்லை. பன்னிரண்டரைக்கு யூங் விசில் ஊதினார். வேலிக்கு உள்ளே அவர்கள் உட்கார்ந்தார்கள். வெளியே, நடைபாதை ஓரத்தில், அவர் உட்கார்ந்தார். தான் அடித்த வர்ணம் என்று கம்பியைத் தொட்டுப் பார்த்தார்.

"எல்லாரும் இங்கேர்ந்து தப்பிக்க வழி பாக்கறான், நீ உள்ள வர வழி பாக்கற. மண்ட கொழம்பிடுச்சா லிஃப்ட் அண்ணே?" என்றாள் சோய்-ஹா.

"அந்த வாத்துக் கடை எங்க இருக்குன்னு கேக்க வந்தேன்."

"பொய் சொல்லக்கூடத் தெரியல உனக்கு," என்று அவள் கம்பிக்கு இடையே கைவிட்டு ஒரு துண்டு கொடுத்தாள். ஒரு மணிக்கு விசில் ஊதியதும் அவர்கள் எழுந்து போனார்கள். அவர் பஸ் வரும்வரை அங்கேயே இருந்தார்.

மே, ஜூன் மாதங்களில் மழை பெய்யாத ஞாயிறுகளில் எல்லாம் போனார். ஜூலை நடுவில் சோய்-ஹாவின் நூற்று அறுபதும் முடிந்தது. அன்றைக்கு அவள் வெளியே வந்து, நடைபாதையில் நின்று, சிகரெட் பற்ற வைத்துக்கொண்டு சொன்னாள்: "ஞாயித்துக்கிழம பதினோரு மணிக்கு ஷிஃப்ட் மாத்துவேன். சுன் வான் டாக்ஸி நிறுத்தத்துக்குப் பின்னாடி ஒரு டீக்கடை இருக்கு. அங்க இருப்பேன். வந்தா வா, வரலன்னா போ. போன் எல்லாம் பண்ணிக் கூப்பிட மாட்டேன்."

முதல் ஞாயிறு அவர் போகவில்லை. சட்டை மாற்றிக்கொண்டு கதவுவரை வந்து, திரும்பிப்போய் உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் ஞாயிறு போனார். அவள் டாக்ஸியை வாடகைக்கு விட்டவனோடு தகராறு பண்ணிக்கொண்டிருந்தாள், பத்து நிமிஷம்தான் உட்கார முடிந்தது. மூன்றாம் ஞாயிறு பெரிய மழை. நான்காம் ஞாயிறு அவர் கதவைப் பூட்டிக்கொண்டு திரும்பியபோது, திருமதி ஃபோங் பெரிய பெட்டி ஒன்றை வீட்டுக்குள்ளிருந்து இழுத்து வந்துகொண்டிருந்தார். மான்செஸ்டர் முகவரி எழுதிய சீட்டு அதில் தொங்கியது. இருவரும் ஒரே லிஃப்டில் இறங்கினார்கள். பெட்டிச் சக்கரம் வாசலில் மாட்டியபோது லுய் குனிந்து தூக்கிவிட்டார். திருமதி ஃபோங் தலையை அசைத்தார். லுய் மணியைப் பார்த்தார். பத்து நாற்பது. சுன் வான் பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்தார்.